சிக்னே எடுத்த பாடம்

ஆர்லன் ஹோவ்டேவும் நானும் ஸ்டாவன் உயர்நிலைப் பள்ளியில் அடுத்தடுத்த அறைகளில் பாடம் நடத்தினோம். அவர் இயற்பியல், நான் கணக்கு. இடையில் இருந்த சுவர் மெல்லியது. அவர் கரும்பலகையில் சாக்பீஸை அழுத்தி எழுதும் சத்தம்கூட என் வகுப்புக்குக் கேட்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் கோதுமைக் கிடங்கு நடத்துகிறவர், வங்கி மேலாளர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற பெண்மணி என்று யாரை எடுத்துக்கொண்டாலும் அவரிடம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். கடைத்தெருவில் அவரைக் கண்டால் நாற்பது வயது ஆசாமிகள் கூடத் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள்.

நல்ல ஆசிரியர். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பிடிவாதம் அதிகம். கல்லூரிகளில் இயற்பியலை இரண்டு விதமாக நடத்துவார்கள். கால்குலஸ் என்கிற நுண்கணிதத்தோடு சேர்த்து நடத்துவது ஒன்று. பொறியியல் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். வெறும் அல்ஜீப்ராவை வைத்துக்கொண்டு நடத்துவது இன்னொன்று. டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் படிக்கப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். ஆர்லன் அதற்கு "கடை ரொட்டி" என்று பெயர் வைத்திருந்தார். மாவு பிசைந்த கையே தெரியாமல் ரொட்டியை வாங்கி விழுங்குகிற மாதிரி, சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அதில் எண்ணைப் போட்டு விடை எடுப்பது இயற்பியலே ஆகாது என்பது அவர் கட்சி. ஒவ்வொரு வருஷமும் கடைசி வகுப்பில் இதைச் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரிப்பேன்.

அவருக்கும் அவர் மனைவி மார்னாவுக்கும் ஒரே மகள், சிக்னே. அவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். இது அவள் பெரியவளான பிறகு யோசித்து எடுத்த முடிவு இல்லை. எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் ரூபன் ஷேஃபரின் வண்டியில் முன் இருக்கையில் அவள் உட்கார்ந்து போவதை ஊரே பார்த்திருக்கிறது. மார்ச் மாதப் பனியில் கன்று ஈன முடியாமல் தவிக்கிற பசுவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தோள்வரை கையைவிட்டுக் கன்றின் காலைத் தேடிப் பிடித்திருக்கிறாள். ரூபனுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. "படிச்சு முடிச்சுட்டு வா. சாவியை உன் கையில குடுத்துட்டு நான் மீன் பிடிக்கப் போறேன்" என்று அவளிடம் எல்லார் முன்னாலும் சொல்வார். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் இருக்கும். ஆனால் அவர் வேறு யாரையும் தேடவில்லை.

நான் அவளுக்குக் கணக்கு நடத்தியிருக்கிறேன். மந்தம் என்று சொல்லவே முடியாது. நிதானம். ஒரு கணக்கைக் கொடுத்தால் முதலில் படம் போடுவாள். அது ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பாள். விடை வரும்போது அது சரியாகவே இருக்கும், ஆனால் மணி அடித்திருக்கும். அவளுக்காக நான் பரீட்சைத் தாளை வாங்காமல் மேஜையில் எதையாவது அடுக்குவதுபோல நேரம் கடத்துவேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் மாதம். அவர்கள் வீட்டுப் பின்முற்றத்தில் நானும் என் மனைவி பெர்னிஸும் மாலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். சோளக்கதிர் வெந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் தன் ஆலோசகர் அல்ஜீப்ரா இயற்பியலே போதும் என்று சொன்னதாக சிக்னே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எங்கள் மாநிலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது. பக்கத்து மாநிலத்துக் கல்லூரியில் எங்கள் பிள்ளைகளுக்கென்று சொற்ப இடங்கள் உண்டு. அந்தக் கல்லூரி இரண்டில் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும் என்றாராம்.

ஆர்லன் கையிலிருந்த கதிரைத் தட்டில் வைத்தார்.

"ஏத்துக்கும். ஆனா மதிக்குமா? ஒரே மாதிரி ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தி கஷ்டமானதை எடுத்தவ, இன்னொருத்தி சுலபமானதை எடுத்தவ. நீ அட்மிஷன் கமிட்டியில இருந்தா யாரைக் கூப்பிடுவே?"

"அவ மாட்டுக்கு ஊசி போடத்தானே போறா, ராக்கெட்டா விடப் போறா?" என்றாள் மார்னா.

எல்லாரும் சிரித்தோம். சிக்னே என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று கல்லூரியே சொல்லும்போது நல்ல மதிப்பெண் வருகிற பக்கம் போவதுதான் புத்தி என்று சொன்னேன். ஆர்லன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "கணக்கு வாத்தியாரே கால்குலஸ் வேணாங்கிறாரு. உருப்பட்ட மாதிரிதான்" என்றார். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிக்னே சொல்லிவிட்டாள்:

"சரிப்பா. பெருசையே எடுக்கிறேன்."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அந்தக் கமிட்டியைப் பற்றி ஆர்லனுக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. ஒரு தொலைபேசி செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இயற்பியலில் தனக்குத் தெரியாதது இல்லை என்பதால் இயற்பியலைச் சுற்றியிருக்கிற எல்லாமே தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

அந்த வகுப்பில் அவளைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பொறியியல் பையன்கள். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் தொகையீட்டுக் குறியைப் போட்டுவிடுகிறவர்கள். மேஜை விளிம்பிலிருந்து சங்கிலி சரிந்து விழுந்தால் கடைசிக் கண்ணி என்ன வேகத்தில் போகும், கூம்புத் தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க அழுத்தம் எப்படி மாறும் என்று கேட்பார்கள். சிக்னேவுக்கு அவை புரியாமல் இல்லை. சங்கிலியை வரைந்து, ஒவ்வொரு கண்ணியாக விழவைத்துப் பார்த்து, சரியான வழியைக் கண்டுபிடிக்கும்போது பரீட்சை முடிந்திருக்கும். மிச்சக் கேள்விகள் வெள்ளையாகக் கிடக்கும்.

முதல் பரீட்சையில் பாதிக்கும் கீழே வாங்கினாள். ஆர்லன் பதறவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற உணவகம் ஒன்று உண்டு. அவள் அந்தப் பக்கத்திலிருந்து வருவாள், இவர் இந்தப் பக்கத்திலிருந்து போவார். ஜன்னலோர மேஜையில் பான்கேக்குக்கும் காபிக்கும் நடுவில் இரண்டு பேரும் காகிதத்தைப் பரப்பிக்கொள்வார்கள். அங்கே பரிமாறுகிற பெவ் என்ற அம்மாள் அவர்களுக்குப் பழகிவிட்டாள். "சிரப்பை எதுல ஊத்தணும், தட்டுலயா, இல்ல நியூட்டன் தலையிலயா?" என்பாளாம். திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் ஆர்லன் இதையெல்லாம் சொல்வார். எந்தக் கணக்கை எடுத்தோம், அவள் எந்த இடத்தில் நின்றாள், எப்படித் திடீரென்று பிடித்துக்கொண்டாள் என்று சொல்லும்போது கையிலிருக்கும் காபி ஆறிவிடும். அத்தனை வருஷத்தில் அவரை நான் அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்ததில்லை. பள்ளியில் படிக்கும்போது வீட்டில் அப்பாவிடம் அதிகம் பேசாத பெண் அவள். ரூபனின் வண்டிதான் அவள் உலகமாக இருந்தது.

இரண்டாவது பரீட்சைக்கு முன்னால் பேராசிரியரே வகுப்பில் அறிவித்தாராம், சிரமப்படுகிறவர்கள் அடுத்த வாரத்துக்குள் அல்ஜீப்ரா வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம், பதிவில் எந்தக் கறையும் விழாது என்று. அடுத்த ஞாயிறு உணவகத்தில் சிக்னே அதைச் சொன்னாள். மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இன்னும் ஒரு பரீட்சை பார்க்கலாம், இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது என்றார் ஆர்லன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கணக்கை எடுத்தாள். இதை மறுநாள் அவரே என்னிடம் சொன்னார், மகளின் மனஉறுதிக்கு உதாரணமாக. மாற விடுங்கள் என்று நான் சொன்னேன். "நீ அவ முகத்தைப் பார்த்திருக்கணும், க்ளென்" என்றார். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டோம்.

அந்தப் பருவத்தில் அவளுக்குக் கிடைத்தது சி கிரேடு. அடுத்த பருவத்திலும் சி. உயிரியல், வேதியியல் எல்லாவற்றிலும் ஏ வைத்திருந்த பெண். அந்த இரண்டு எழுத்துகளும் அறிவியல் சராசரியைப் பிடித்துக் கீழே இழுத்தன.

ஆனாலும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ரூபன் எழுதிக்கொடுத்த பரிந்துரை அப்படி. மூன்று பேர் கொண்ட கமிட்டி. கன்று, பசு, பனி எல்லாம் பேசிச் சிரித்த பிறகு அவர்களில் ஒருவர் இயற்பியலில் மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்டார். நுண்கணிதத்தோடு உள்ளதை எடுத்தேன் என்றாள் சிக்னே. அந்த மனிதர் கனிவாகத்தான் சொன்னாராம்: "எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. எங்க கைக்கு வர்றது எழுத்து மட்டும்தான்." அந்த முடிவை எடுத்தது யார் என்று இன்னொருவர் கேட்டார். நான்தான், அதற்கு நான்தான் பொறுப்பு, அதைச் செய்ததில் கஷ்டத்தில் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னாள். மூவரும் தலையசைத்தார்கள். அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி முயன்று பாருங்கள் என்று பதில் வந்தது.

காத்திருந்த அந்த வருஷத்தில்தான் ரூபனைக் கிடாரி ஒன்று இரும்புக் கதவோடு சேர்த்து நசுக்கியது. தோள் எலும்பு சிதறிவிட்டது. அதற்குமேல் அந்தக் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. ஊரைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கில் மாடுகள், டாக்டர் இல்லை. அவர் யாருக்காகக் காத்திருப்பது? சிக்னே சேர்ந்தால்கூடப் படித்து முடிக்க நான்கு வருஷம். அயோவா மாநிலத்திலிருந்து ட்ரெவர் லிண்ட் என்ற இளம் டாக்டர் வந்து ரூபனின் கால்நடை மருத்துவமனையை வாங்கிக்கொண்டான். கையெழுத்துப் போடுவதற்கு முன், சிக்னே ஊருக்கு வந்திருந்த ஒரு நாளில், ரூபன் ஆர்லனின் வீட்டுக்கு வந்து அவளிடம் நேரில் சொன்னார். அவள் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, செய்தது சரிதான் என்றாள். அவர்தான் அழுதார் என்று மார்னா பெர்னிஸிடம் சொல்லியிருக்கிறாள்.

ட்ரெவர் நல்ல பையன். இதை நான் சொல்லியாக வேண்டும். அவனை வெறுக்க முடிந்திருந்தால் ஆர்லனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பரில் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து நடக்கும். காரநீரில் ஊறிக் கொழகொழவென்று ஆன அந்த மீனை வெண்ணெயில் மிதக்கவிட்டுச் சாப்பிடுவது நார்வே ரத்தம் ஓடாதவர்களுக்குப் பெரிய சோதனை. ஊருக்குப் புதிதாக வந்த ட்ரெவரின் தட்டையே, பெண் வீட்டுக்கு முதல்முறை வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு வாய் விழுங்கிவிட்டு, "இதுக்கு எங்கிட்ட மருந்து இருக்கு, ஆனா மாட்டுக்கு மட்டும்தான் குடுக்கலாம்" என்றான். மேஜையே அதிர்ந்தது. அவனுக்கு எதிரில் ஆர்லன் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நான்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஆர்லன் சாதாரணமாகக் கேட்டார்.

"காலேஜ்ல நீ எந்த ஃபிசிக்ஸ் எடுத்தே?"

"சின்னதுதான் சார். அல்ஜீப்ரா." ட்ரெவர் வாயைத் துடைத்துக்கொண்டான். "ஏ வாங்கினேன். ஆனா இப்ப ஒரு சூத்திரம் கேட்டீங்கன்னா எழுந்து ஓடிடுவேன்."

"இன்டர்வியூல அதைப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்லையே. அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவனுக்கு எதுவும் தெரியாது. ஆர்லன் உருக்கிய வெண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள், அப்போதுதான் மீன் இறங்கும் என்றார். அதன் பிறகு அவர் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை.

மறுவாரம் அவர் பள்ளிக்கு விடுப்பு எடுத்தார். காய்ச்சலோடு வந்து பாடம் நடத்துகிற மனிதர். அவர் வகுப்பையும் நானே பார்த்துக்கொண்டேன். உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைத்தேன். அவர் பக்கத்து மாநிலத்துக்குக் காரோட்டிக்கொண்டு, அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தார். சிக்னேவின் இரண்டாவது விண்ணப்பம் அப்போது அங்கே பரிசீலனையில் இருந்தது. சேர்க்கை அலுவலகத்தில் இருந்த பெண்மணி அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தாராம். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்: அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது மகள் இல்லை, நான். மாறுகிறேன் என்று அவள் கேட்டபோது தடுத்ததும் நான். அந்த இரண்டு சி-யும் என்னுடையவை, அவற்றை அவள் கணக்கில் எழுதாதீர்கள் என்று. அந்தப் பெண்மணி கடைசிவரை கேட்டுவிட்டு, விண்ணப்பித்தவர் பற்றி வேறு யாரோடும் பேச எங்களுக்கு அனுமதி இல்லை, நீங்கள் சொன்னதைக் கமிட்டியிடம் கொண்டுபோகவும் வழியில்லை என்றார். உங்கள் மகள் அதிர்ஷ்டசாலி என்றும் சொன்னாராம். அவர் கார் ஊர் திரும்புவதற்குள், முறைப்படி சிக்னேவுக்குத் தகவல் போய்விட்டது: உங்கள் தந்தை வந்திருந்தார்.

அந்த சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். அந்த வருஷம் முழுக்கப் பல்கலைக்கழக ஊரில் ஒரு பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடி பேசினாள் என்று மார்னா சொன்னாள். சத்தம் போடவில்லையாம். போட்டிருந்தால் தேவலை என்று இருந்ததாம்.

"அப்பா, அங்க நான் என்ன சொல்லியிருந்தேன் தெரியுமா? நானே எடுத்த முடிவு, நானே பொறுப்புன்னு சொல்லியிருந்தேன். அந்தக் கேள்விக்கு எங்கிட்ட இருந்த ஒரே நல்ல பதில் அதுதான். அதையும் நீங்க போய் எடுத்துட்டு வந்துட்டீங்க."

ஆர்லன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேணாம்பா. எனக்காக நீங்க யோசிச்சது போதும்."

அவர் போய்ப் பேசியதால் ஏதாவது கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்மணி சொன்னபடி எதுவும் கமிட்டிக்கே போயிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். சிக்னேவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் வந்தது. கோடை முடியும்வரை அழைப்பு வரவில்லை. மூன்றாவது முறை அவள் விண்ணப்பிக்கவில்லை. ஃபார்கோ நகரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர்ந்து, அங்கேயே பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலைக்கும் போனாள். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும். மார்னாவோடு தொலைபேசியில் பேசுவாள். அப்பாவைக் கூப்பிடட்டுமா என்று மார்னா கேட்டால், அவசரமாக வேலை இருப்பதாகச் சொல்வாள்.

ஆர்லன் அதன்பிறகும் சில வருஷம் பாடம் நடத்தினார். சாக்பீஸ் சத்தம் முன்போலத்தான் கேட்டது. கடை ரொட்டிப் பேச்சு மட்டும் நின்றுபோனது. எந்த இயற்பியலை எடுப்பது என்று பிள்ளைகள் யாராவது கேட்டால், நீ சேரப்போகிற கல்லூரிக்குத் தொலைபேசி செய்து கேள் என்பார். எண்ணையும் எழுதிக் கொடுப்பார். ஒரு பையன், உங்கள் கருத்து என்ன சார் என்று வற்புறுத்தியது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு குளிர்காலத்தில் மார்னா வீட்டு வாசலில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்து மருத்துவமனையில் முடியாது என்று ஃபார்கோவுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் முன்னே போக, நான் ஆர்லனை என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் புரை விழுந்து அவர் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தது சிக்னே வேலை செய்கிற மருத்துவமனைக்குத்தான்.

படம் எடுக்கும் அறைக் கதவு ஒரு நிமிஷம் திறந்திருந்தது. நீல உடையில் சிக்னே, தன் அம்மாவின் முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே அவளைத் திருப்பினாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தொட்டாலே அலறிய மார்னா முனகக்கூட இல்லை. கதவு மூடியது. ஆர்லன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மார்னா தூங்கிக்கொண்டிருந்தாள். சிக்னே எங்களைக் கீழே உணவு விடுதிக்குக் கூட்டிப்போனாள். சூப் வாங்கி வந்தாள். நான் எழுந்து போகிறேன் என்றேன். இருங்கள், நீங்களும் இருந்தால் நல்லது என்றாள். சீதோஷ்ணம், சாலையின் நிலைமை, ரூபன் இறந்துபோனது எல்லாம் பேசினோம். சூப் பாதி காலியானபோது ஆர்லன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு மாத்திக்கட்டுமான்னு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும், சிக்னே. உன் பேப்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. நாப்பது வருஷமா பேப்பர் திருத்தினவன் நான். இந்தப் பிள்ளைக்கு நேரம் பத்தாதுன்னு தெரிஞ்சுது."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் ஏம்பா வேணாம்னு சொன்னீங்க?"

"நீ மாறிட்டா ஞாயித்துக்கிழமை வரமாட்டே இல்ல."

பக்கத்து மேஜையில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"மாறிக்கிறதுக்கு உங்க கையெழுத்து ஒண்ணும் தேவைப்படலப்பா" என்றாள் சிக்னே. "எனக்குப் பத்தொம்பது வயசு. ஆஃபீஸ் நான் தங்கியிருந்த இடத்துக்கு எதுத்தாப்புல. திங்கக்கிழமை போய் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்கும். நான் போகல."

"ஏன்?"

"எனக்கும்தான் அந்த ஞாயித்துக்கிழமை பிடிச்சிருந்தது."

ஆர்லன் கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். இன்னும் கோபமா என்று கேட்டார்.

"கோபம் எப்பவோ போயிடுச்சு. இந்த வேலையும் நல்ல வேலைதான். கூட வேலை பாக்குறவங்களும் நல்லவங்க." அவள் ரொட்டித் துண்டைப் பிய்த்தாள். சாப்பிடவில்லை. "வண்டியில போறப்ப மேய்ச்சல் நிலம் வந்தா மட்டும் ரேடியோவைச் சத்தமா வெச்சுப்பேன். அவ்வளவுதான். அதனாலதான் ஊருக்கு அதிகம் வர்றதில்ல. உங்களால இல்ல."

அவள் இடைவேளை முடிந்துவிட்டது. எழுந்து எங்கள் தட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அப்பாவின் தோளில் ஒரு கணம் கையை வைத்தாள். அவர் அந்தக் கையைப் பிடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். வேண்டுமென்று எடுத்தாள் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கு நேரமாகிவிட்டது.

மார்னா நடக்கத் தொடங்கினாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு சிக்னே வீட்டுக்கு வந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து சீட்டாடினோம் — ஆர்லன், மார்னா, சிக்னே, நான். பெர்னிஸ் சீட்டைத் தொடமாட்டாள். அடுப்படியில் குக்கீஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். மதியம் ட்ரெவர் தொலைபேசியில் கூப்பிட்டான். ஓல்சன் பண்ணையில் குதிரை ஒன்று வேலிக் கம்பியில் சிக்கிக் காலைக் கிழித்துக்கொண்டுவிட்டது, எலும்பில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகம், கையில் எடுத்துப்போகிற எக்ஸ்ரே கருவி புதிதாக வாங்கியிருக்கிறான், உதவியாள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டாள், சிக்னே கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டான். அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வருகிறேன் என்றாள்.

அப்பாவின் பழைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனாள். நாங்கள் சீட்டை அப்படியே கவிழ்த்து வைத்தோம். ஆர்லன் ஜன்னலருகே போய் நின்றார், ட்ரெவரின் வண்டி திரும்பி மறைகிற வரைக்கும். பிறகும் நின்றார். நீங்களும் போயிருக்கலாமே என்று நான் சொன்னேன்.

"என்னைக் கூப்பிடலையே" என்றார்.

பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள். குதிரை வாசம் வீடு முழுக்கப் பரவியது. கன்னம் குளிரில் சிவந்திருந்தது. நேராகச் சமையலறைத் தொட்டிக்குப் போய்ச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக் கைகழுவ ஆரம்பித்தாள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று சோப்புப் போட்டுக் கழுவினாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பெர்னிஸ் துண்டை எடுத்துப்போய்ப் பக்கத்தில் நின்றாள். சிக்னேவின் கண்களில் என்ன பார்த்தாளோ, துண்டை மேஜையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

குழாய் நின்றது. சிக்னே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குதிரை எப்படி இருக்கு?" என்று கேட்டார் ஆர்லன்.

"எலும்புல ஒண்ணும் இல்ல. பிழைச்சுக்கும்."

வேறு ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் தன் சீட்டை எடுத்து விரித்துப் பார்த்தாள். யார் இறக்க வேண்டும் என்று கேட்டாள். நீதான் என்றாள் மார்னா.

மறுநாள் காலை அவள் ஃபார்கோவுக்குக் கிளம்பினாள்.